துத்தியை ஊமத்தை என்றவள்

மூலிகைப் பாடசாலையில் நல்லசிவம் இளைய ஆசிரியர். தனக்குப் பாடம் சொன்ன மரகதம்மாளிடம் ஒரு நாள் காலை வந்து நின்றார்.

“அம்மா, பூங்கோதையை ஊருக்கு அனுப்பிடலாம். மண்டையில ஒண்ணும் ஏறல.”

“போன மாசம் அவதான் முதல்னு சொன்னியே?”

“சொன்னேன். இப்ப துத்தியைக் காட்டினா ஊமத்தைங்கறா. நாளைக்கு அந்த விஷத்தை எவனுக்காவது அரைச்சுக் கொடுத்தா ஆளு காலி.”

மரகதம்மாள் பூங்கோதையை அழைத்துவரச் சொன்னார். பத்து வயதுப் பெண். வாசற்படியருகே நின்றுகொண்டாள். அம்மாள் இருந்த இடத்தைவிட்டு எழாமல் ஒரு தழையைத் தூக்கிக் காட்டினார்.

“கீழாநெல்லி. காய் இலைக்கு அடியில இருக்கு.”

“இது?”

“ஆடாதோடை. சளிக்கு.”

“இது?”

“துத்தி. மூலத்துக்குக் கொடுக்கறது.”

“அடி சமர்த்தே! கையில வச்சிருக்கற எனக்கே மங்கலாத்தான் தெரியுது. அங்கேருந்து சொல்றியே!”

பூங்கோதை பல் தெரியச் சிரித்தாள்.

நல்லசிவத்துக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. “என் கண்ணு!” என்று அவளிடம் விரைந்தார். சரியான பதிலுக்கு வழக்கம்போல அணைத்துக் கன்னத்தைக் கிள்ளக் கை நீண்டது.

“இல்லைங்கய்யா,” என்றாள் பூங்கோதை அவசரமாக. “தப்பாச் சொல்லிட்டேன். அது ஊமத்தை.”

நீண்ட கை அப்படியே நின்றது.

“நீ போய் விளையாடு தாயி,” என்றார் மரகதம்மாள். “இங்கதான் படிக்கப்போற.”

அவள் ஓடிவிட்டாள். நல்லசிவம் தலை நிமிரவில்லை. அணைக்கும்போதெல்லாம் அவள் தோள் விறைத்ததும், பாவாடை நுனியால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டதும் இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கூச்சம் என்று நினைத்திருந்தார். அதைச் சொல்லி மற்றப் பிள்ளைகள் முன்னால் கேலிகூடச் செய்திருந்தார்.

“தப்பா ஒண்ணும் நினைக்கலம்மா. என் மக மாதிரின்னுதான்…”

“நீ நினைச்சதை நான் கேட்கல.”

நல்லசிவம் வாசல் பக்கம் நகர்ந்தார்.

“அவகிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன். ‘பரவாயில்லைங்கய்யா’ன்னு அவ ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்கு மனசு ஆறிடும்.”

“கேளு. எட்ட நின்னு கேளு. கேட்டதும் திரும்பி வந்துடு,” என்றார் மரகதம்மாள். “உன் மனசு ஆறறதுக்கும் அந்தப் பிள்ளைதான் ஏதாவது கொடுக்கணுமா?”