மிதிகம்பு

ஓடைக்கரை மருதமரத்தடியில் குடிசை போட்டு இருந்த சாமியம்மாவுக்கு நாற்பது வயதுகூட நிறைந்திருக்காது. அவளுக்கு வாய்த்த ஒரே சீடனோ தலை முழுக்க நரைத்தவன். உடும்பன் என்பது அவனுக்கு ஊர் வைத்த பெயர். ஒரு கோபத்தைப் பிடித்தானென்றால் விடமாட்டான். அவனுடைய மனக்குறையைக் கேட்டுக் கேட்டு ஊரார் காது மரத்துப்போனது. சாமியம்மா மட்டும் எழுந்து போகாமல் கேட்டாள். அதனால் அவளையே குருவாக வைத்துக்கொண்டான்.

ஒரு நாள் காலையில் ஒரு கட்டுக் கம்பைத் தோளில் சுமந்து வந்து அவள் முன்னால் போட்டான்.

"தாயே, இதுல எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"எதுக்கு?"

"மரம் ஏறத்தான். சாமை கதிர் வச்சிருச்சு. பன்னிக் கூட்டம் பாதிக் காட்டை உழுது போட்டுருச்சு. மிச்சத்தையும் விட்டா வருசம் முழுக்க வாயைக் கட்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள பரண்ல ஏறி ஈட்டியோட உக்காந்துரணும். காட்டோரத்துல பரண் கட்டியிருக்கிற மரமும் இதே மாதிரி மருதமரந்தான். வழவழன்னு இருக்கு. பிடிச்சு ஏற ஒரு கிளை கிடையாது."

கட்டை அவிழ்த்துப் பரப்பினான். எல்லாம் முழ நீளக் கம்புகள். அடிமரத்தில் குறுக்காக வைத்துக் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் கால் வைத்து ஏற வேண்டும். மிதிகம்பு என்பார்கள்.

"மூங்கில் லேசு. ஆனா வெடிச்சுக் காலை வாரிவிட்டுரும். புளி உறுதிதான். தூக்கிட்டுப் போறதுக்குள்ள தோள் இறங்கிரும். உசிலை ரெண்டுக்கும் நடுவுல. ஆனா வழுக்குது. யோசிச்சு யோசிச்சு எனக்குத் தூக்கமே இல்ல தாயே."

"ஏணி வச்சுக்கலாமே?"

உடும்பன் முகம் சுண்டிப்போனது.

"ஏணியா? அந்தப் பேச்சை எடுக்காதீங்க. நான் பரண்ல இருக்கிறப்போ ஏணியை எடுத்துட்டுப் போனவன் என் தம்பி நல்லாண்டி. சந்தைக்குப் போன சனமெல்லாம் அண்ணாந்து பாத்துச் சிரிச்சுது. ஒரு பய வாழைப்பழத்தைத் தூக்கிப் போட்டான், குரங்குக்குப் போடுற மாதிரி."

"கேட்டிருக்கேன். நிறைய தடவை கேட்டிருக்கேன்."

"அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. இந்தச் சுருக்கு முடிச்சைப் பாருங்க. மேல போயிட்டு கயித்து வாலைப் பிடிச்சு இழுத்தா அவிழ்ந்துக்கும். கம்பும் கூடவே மேல வந்துரும். இனி என் ஏணியை எந்தப் பயலும் தொட முடியாது."

சாமியம்மா கம்புகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க, இந்த மரத்துல ஏறிக் காட்டுங்க."

"எந்தக் கம்புல?"

"எல்லாத்துலயும்."

உடும்பன் வேட்டியை மடித்துக் கட்டினான். ஒரு கம்பைக் கட்டி அதில் நின்றான். அதற்கு மேலே அடுத்ததைக் கட்டினான். வயதானாலும் கை பழைய கைதான். முதல் கிளைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு கயிற்று வால்களை இழுத்தான். சொன்னபடியே முடிச்சுகள் அவிழ்ந்தன. கம்புகள் ஒவ்வொன்றாக மேலே வந்து அவன் மடியில் சேர்ந்தன. கீழே வழவழவென்று வெறும் மரம் நின்றது.

"எப்படி?" என்றான்.

"அருமை. கஞ்சி ஆறுது, இறங்கி வாங்க."

உடும்பன் ஒரு கம்பை எடுத்தான். குனிந்தான். கிளையில் கவிழ்ந்து படுத்துக் கையை நீட்டினான். தலைக்கு மேல் கட்டத் தெரிந்த கைக்குக் காலுக்குக் கீழே கட்ட வரவில்லை. முட்டி மடங்கவில்லை. உடம்பு சரிந்தது. கம்பை மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். வீட்டில் பழகும்போது தாழ்ந்த கிளையிலிருந்து குதித்துவிட்டிருந்தான். உயரத்திலிருந்து எப்படி இறங்குவது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"தாயே, கம்பைக் கயித்துல இறக்குறேன். நீங்க கீழயிருந்து கட்டிக்கிட்டு வாங்களேன்."

"எனக்குப் பூ கட்டத்தான் தெரியும். பூ முடிச்சை நம்பி நிப்பீங்களா?"

அவள் கஞ்சிச் சட்டியை மூடி வைத்துவிட்டு முற்றம் கூட்டப் போனாள்.

வெயில் உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கியது. உடும்பன் பசியையும் மறந்து சாமைக் காடு இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது ஓடைக்கு எருமைகளை ஓட்டிக்கொண்டு ஒருவன் வந்தான். யார் வரக்கூடாதோ அவனேதான்.

நல்லாண்டி அண்ணாந்து பார்த்தான்.

"என்னண்ணே, பழம் ஏதும் வேணுமா?"

"போடா வந்த வழியைப் பாத்துக்கிட்டு."

"போறேன். நீ எப்படி வருவே?"

உடும்பன் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். நல்லாண்டி எருமைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்து மரத்தடியில் நின்றான்.

"கம்பை இறக்குண்ணே. பொழுது போகுது. பன்னி என் காட்டு வழியாத்தான் உன் காட்டுக்கு வருது. எனக்கும் மிச்சமில்ல."

"ஒண்ணு மட்டும் இறக்குறேன்."

"ஒண்ணை வச்சுக்கிட்டு நான் பல்லு குத்தவா?"

முற்றத்தில் கூட்டிக்கொண்டிருந்த சாமியம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உடும்பன் மடியில் இருந்த கம்புகளைப் பார்த்தான். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால், இவன் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டால், பிறகு சாகும்வரை இந்தக் கிளைதான். கைக்குள் வைத்துக்கொண்டாலும் இந்தக் கிளைதான். பிறகு மொத்தக் கட்டையும் கயிற்றில் மாட்டி மெதுவாக இறக்கினான். கயிறு லேசானதும் கண்ணை மூடிக்கொண்டான்.

கீழே கட்டை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. பிறகு நல்லாண்டியின் குரல், கொஞ்சம் மேலே வந்து.

"உன் சுருக்கெல்லாம் எனக்கு ஆகாதுண்ணே. எருமையைக் கட்டுற முடிச்சுத்தான் போடுறேன்."

"இறுக்கிப் போடுடா."

"அன்னைக்கு நீ இறங்கிப் போயிட்டேன்னுதான் நெனச்சேன். கூரை வேய ஏணி வேணும்னு எடுத்தேன். அந்த உச்சியில நீ தூங்குவேன்னு யாருக்குத் தெரியும்? குறட்டை விட்டிருந்தாலாவது தெரிஞ்சிருக்கும்."

"பேசாம கட்டுடா."

ஆனால் அந்தக் குரலில் பழைய காரம் இல்லை.

நல்லாண்டி கிளைக்குக் கீழ்வரை கட்டிவிட்டு இறங்கி நின்றான். உடும்பன் மரத்தைக் கட்டிப்பிடித்து, முகத்தைப் பட்டையில் ஒட்டிக்கொண்டு, காலைத் தொங்கவிட்டான்.

"இன்னும் கீழண்ணே. வலது பக்கம். ஆங், வை."

வைத்தான்.

"அடுத்தது. பயப்படாதே, வை."

வைத்தான். தரை காலில் பட்டதும் மரத்திலிருந்து கையை எடுத்தான். நல்லாண்டி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உதறவில்லை.

சாமியம்மா சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் கஞ்சி குடித்தார்கள்.

"உன்கிட்ட ஈட்டி இருக்கா?" என்றான் உடும்பன், சட்டியைப் பார்த்தபடி.

"துருப்பிடிச்சுக் கிடக்கு. தீட்டிக்கலாம்."

"அப்ப தீட்டு. பரணுக்கு ரெண்டு பேர் இருந்தா நல்லதுதான்."

நல்லாண்டி கம்புகளை அவிழ்த்துக் கட்டித் தன் தோளில் போட்டுக்கொண்டான். எருமைகளை அதட்டிக்கொண்டே முன்னால் நடந்தான். உடும்பன் நாலு அடி போனவன், ஞாபகம் வந்து திரும்பி வந்தான்.

"தாயே, கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே. மூணுல எந்தக் கம்பு நல்லது?"

"இறங்கும்போது முதல்ல எதுல கால் வச்சீங்க? மூங்கிலா, புளியா, உசிலையா?"

உடும்பன் யோசித்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"தெரியல தாயே. பாக்கலையே."

"தம்பி வைன்னதும் பாக்காமலே கால் வச்சீங்களே, பெரியவரே" என்றாள் சாமியம்மா.