தலை சிலுப்பிய சம்மதம்

சிகாமணிப் புலவர் ஊரே மெச்சும் தம் பலிக் கதையை ஜமீன் சபையில் வாசித்து முடித்தார். கதையில் ஆட்டின் தலையில் மஞ்சள் நீர் தெளிக்கிறார்கள். குளிர் தாங்காமல் அது தலையைச் சிலுப்புகிறது. தன்னை வெட்ட ஆடே சம்மதம் தந்துவிட்டதென்று ஊர் குலவையிடுகிறது.

சபையே ஆகா என்றது. பன்னீர் தெளிக்கிற சடைச்சி மட்டும் கொட்டாவி விட்டாள். புலவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தக் கதையில் முரண்நகை எங்கே இருக்கிறது, சொல்! தெரியாவிட்டால் இன்றோடு உனக்கு இங்கே வேலை இல்லை."

"சொல்லத் தெரியலைங்க ஐயா. செஞ்சு காட்டட்டுமா?"

கேட்ட கையோடு செம்புப் பன்னீரை அவர் உச்சந்தலையில் கவிழ்த்தாள். புலவர் வெடவெடத்துத் தலையைச் சிலுப்பினார்.

சடைச்சி ஜமீன்தாரைப் பார்த்துக் கும்பிட்டாள். "நான் வேலையில இருக்க ஐயாவே சம்மதம் தந்துட்டாருங்க!"

முதலில் குலவையிட்டவர் புலவர்தான்.