அய்யாக்குட்டி பெண் கேட்டுக் குதித்தது

ஓட்டைக்குளத்துக்காரர்களும் தட்டாங்காட்டுக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்தார்கள். அதனால் இரண்டு ஊர் அறிவும் சிந்தாமல் சிதறாமல் அப்படியே இருந்தது.

ஓட்டைக்குளத்து அய்யாக்குட்டிக்குத் தட்டாங்காட்டு உலகம்மாள் மேல் ஆசை. அவள் கிடைக்காவிட்டால் சோறே இறங்காது என்று மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டே சொல்லி வந்தான். அவளுடைய அப்பா கோமதிநாயகம் சொன்ன சொல் தவறாத மனுஷர். இவன் திரும்பத் திரும்பப் போய்ப் பெண் கேட்க, ஒருநாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலே, வானத்துல இருந்து குதிச்சு வாரவனுக்குத்தாம்லே எங்க வீட்டுப் பொண்ணு! போலே!"

அய்யாக்குட்டி சிரித்த முகமாக வீடு திரும்பினான். "முடியாதுன்னு சொல்லலை மாமா. வழி சொல்லியிருக்காரு."

தாய்மாமன் சங்கிலி விசாரித்தார். விமானத்தில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பாராசூட்டோடு குதிக்கப் பழக்கும் இடம் ஒன்று டவுனுக்கு வெளியே இருந்தது. சொல்லிக்கொடுப்பவர் டைட்டஸ் மாஸ்டர்.

பிள்ளை கட்டில் விளிம்பில் எட்டிப் பார்த்தாலே நமக்கெல்லாம் ஈரக்குலை நடுங்கும். அய்யாக்குட்டியின் அம்மா தைரியசாலி. சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலத்தைச் செருகி, "விழுறப்போ பைய விழு ராசா. ஓடி விழாதே," என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அய்யாக்குட்டி, சங்கிலி மாமா, கூட்டாளி மாடக்கண் மூவரும் போய் நின்றார்கள்.

"பயப்படாதீங்க," என்றார் மாஸ்டர். "நீங்க முன்னாடி, நான் பின்னாடி. ரெண்டு பேரையும் சேர்த்து பெல்ட் போட்டிருவோம். பாராசூட்டை நான் பார்த்துக்கிடுவேன். வெளியே வந்ததும் உடம்பை வாழைப்பழம் மாதிரி வளைச்சுக்கிட்டா போதும்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் தலை மறைந்ததும் மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"எந்தப் பழம்னு சொல்லாமப் போயிட்டாரே," என்றார் மாமா.

"கோழிக்கூடு பழம்தான்," என்றான் மாடக்கண்.

"போடா கூறுகெட்டவனே! கோழிக்கூட்டுல வளைவு எங்கலே இருக்கு? உருண்டைதான் இருக்கு. நீளமா இருக்கிற ஏத்தம்பழம் மாதிரி வளையணும்."

"பழுத்ததா, பழுக்காததா?" என்று கேட்டான் அய்யாக்குட்டி. உயிர் அவனுடையது அல்லவா?

மாமா யோசித்தார். "பழுத்தா மேல இருந்து விழுறப்போ நசுங்கிரும். காயாவே இரு."

மாஸ்டர் திரும்பி வந்தபோது அய்யாக்குட்டி மேஜைமேல் குப்புறக் கிடந்தான். மாடக்கண் அவன் முதுகுக்குப் பக்கத்தில் ஓர் ஏத்தங்காயைப் பிடித்து வளைவு பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வழியனுப்ப ஆள் இல்லாமல் மாப்பிள்ளை புறப்படுவதா என்று மற்ற இருவரும் விமானத்தில் ஏறிக்கொண்டார்கள். விமானம் உயரே போனது. கதவு திறந்தது. காற்று முகத்தில் அறைந்தது. மாஸ்டரை முதுகில் சுமந்தபடி அய்யாக்குட்டி வலது காலை வெளியே வைத்தான்.

"போயிட்டு வாரேன் மாமா!"

"எங்கலே போறே?" என்றான் மாடக்கண், ஒரு மரியாதைக்கு.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "கிளம்புற ஆளைப் பார்த்து எங்கே போறேன்னு கேட்கலாமா? வெளங்குமா? ஏ அய்யாக்குட்டி, உள்ள வா. உக்காந்து ஒருவாய் தண்ணி குடிச்சிட்டுப் புறப்படு."

அய்யாக்குட்டி உட்கார்ந்தான். ஒட்டிக்கொண்டிருந்த மாஸ்டரும் உட்கார வேண்டியதாயிற்று. தண்ணீர் குடித்து எழுந்து மறுபடி காலை வைத்தார்கள்.

"என்னய்யா, இன்னும் போகலையா?" என்று விமானி கத்தினார்.

"இதுவும் கேள்விதான்," என்றார் மாமா வருத்தத்தோடு. மறுபடி உட்கார்ந்தார்கள். மறுபடி தண்ணீர்.

இந்தத் தடவை எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அய்யாக்குட்டி காலை வைத்தான், கீழே பார்த்தான்.

"ஐயோ, நான் எங்கே போறேன்?"

"உன்னை நீயே கேட்டாலும் சகுனம் சகுனம்தாம்லே," என்று மாமா சொம்பை நீட்டினார்.

இதற்குள் விமானம் குதிக்க வேண்டிய மைதானத்தைத் தாண்டி, ஆற்றையும் தாண்டி எங்கோ வந்துவிட்டது. கீழே ஒரு வெட்டவெளி தெரிந்தது. மாஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல் அய்யாக்குட்டியையும் தள்ளிக்கொண்டு குதித்துவிட்டார்.

அய்யாக்குட்டி ஏத்தங்காயாக வளைந்தான். பாராசூட் விரிந்தது. அவன் நிமிரவில்லை. நிமிரும்படி யாரும் சொல்லவில்லையே. வளைந்தபடியே வந்து, மூக்கு முதலில் படும்படி ஒரு வைக்கோல்போரில் செருகி நின்றான்.

அது தட்டாங்காடு. வைக்கோல்போர் கோமதிநாயகத்தினுடையது.

ஊரே கூடியது. கோமதிநாயகம் வானத்தைப் பார்த்தார், வைக்கோலைப் பார்த்தார்.

"வாக்குன்னா வாக்குதான். பொண்ணு உனக்குத்தாம்லே," என்றவர் சற்று நின்றார். "பின்னால இன்னொருத்தரும் குதிச்சிருக்காரே?"

"எனக்கு, முன்னால வந்தவரே போதும்," என்றாள் உலகம்மாள் அவசரமாக.

"அப்போ இவருக்கு?" கோமதிநாயகம் கைகூப்பிக்கொண்டு மாஸ்டரிடம் போனார். "ஐயா, நீங்க குதிக்கிறது இதுதானே முதல் தடவை?"

பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த மாஸ்டருக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. "முதல் தடவையா? பத்து வருஷமா தினமும் குதிக்கிறேன்!"

கோமதிநாயகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தினமும் ஒரு பொண்ணா! எங்க போவேன்?" பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் வீட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்தினார்கள்.

"அப்பா, பதறாதீங்க," என்றாள் உலகம்மாள். "குதிச்சா பொண்ணு தரணும். திரும்ப மேலே ஏத்தி விட்டுட்டா, குதிச்சது இல்லைன்னு ஆயிரும்லா?"

இப்படி ஒரு யோசனையை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. நாலு பேர் மாஸ்டரைத் தூக்கினார்கள், நாலு பேர் ஏணி பிடித்தார்கள். இருப்பதில் உயரமான தென்னையின் உச்சியில் கொண்டுபோய் உட்கார்த்தி வைத்தார்கள். மரத்தடியிலேயே அய்யாக்குட்டி உலகம்மாளுக்குத் தாலி கட்டினான். அப்போதும் நிமிரவில்லை.

பந்தி முடியும் நேரம் மாஸ்டர் மேலிருந்து, "எனக்குப் பசிக்குது, நான் இறங்குறேன்!" என்று கத்தினார்.

கோமதிநாயகம் சாப்பிட்ட கையோடு ஓடிவந்து தென்னையைக் கட்டிக்கொண்டார்.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இறங்கிராதீங்க! இறங்கினா இன்னொரு பொண்ணுல்லா கூடிரும்!"