ஒரே ஒருவருக்கான தாம்பூலம்

முன்னொரு காலத்தில் நெடுவயல் நாட்டை விசயாதரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் யானை கொடுத்தவனையே மாலையில் நாடு கடத்துகிற சுபாவம் அவனுக்கு. தாத்தா காலத்துப் பழக்கம் ஒன்றுதான் அவன் கையைக் கொஞ்சம் கட்டிவைத்திருந்தது. சட்டமோ தண்டனையோ, ஊருக்கு ஒருவராக வந்து உட்காரும் நாட்டார் சபை கைதூக்கினால்தான் செல்லும்.

ஒற்றர் தலைவன் மழவராயனுக்கு இந்தச் சபை என்றாலே வேப்பங்காய். ஆனாலும் தினமும் காலையில் தவறாமல் அங்கே போவான். கேள்வி கேட்கிற முகமாகப் பார்த்து ஒருவரைத் தூண் மறைவுக்கு அழைப்பான். "ஐயா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வெளியே தெரிந்தால் என் தலை போகும்" என்று காதைக் கடிப்பான். அவ்வளவுதான், அந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்புவார். ஒற்றர்கள் யாரைப் பிடித்தார்கள், ஏன் பிடித்தார்கள் என்று அப்புறம் வாயே திறக்கமாட்டார். உண்மை தெரிய வேண்டும் என்பதைவிடத் தனக்கு மட்டும் தெரிய வேண்டும் என்பதுதானே நமக்கெல்லாம் ஆசை!

ஓடைக்கரை ஊரிலிருந்து வந்த இருளப்பர் மட்டும் மசியவில்லை. "எனக்கு மட்டும் என்றால் வேண்டாம் மழவராயரே. சபைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோருக்கும் சொல்லும், நானும் கேட்டுக்கொள்கிறேன்" என்றார்.

மழவராயன் சிரித்துக்கொண்டே போனான். மறுவாரமே அரசவையில், "இருளப்பர் எதிரியின் ஆள். ஆதாரம் உண்டு அரசே, ஆனால் அது ரகசியம்" என்று போட்டு உடைத்தான்.

"நாளைக்கே சபை கைதூக்கட்டும். ஆளை எல்லைக்கு அப்பால் தள்ளுங்கள்!" என்றான் ராஜா. இருளப்பரின் மனைவி அழுதுகொண்டே சட்டி பானையைக் கட்டினாள்.

மறுநாள் சபை கூடியது. ராஜாவும் வந்து உட்கார்ந்தான். அதற்கு முன்பே மழவராயன் பலரைத் தூண் மறைவுக்கு அழைத்து இருளப்பரைப் பற்றிக் காதைக் கடித்திருந்தான். எல்லோர் கையும் தூக்கத் தயாராக இருந்தது. மந்திரி சேந்தனார் எழுந்தார். தூண் மறைவிலிருந்து திரும்புகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடப்பதை அவர் வெகுநாளாகக் கவனித்து வந்தார்.

"அரசே, ஒரு மரியாதை பாக்கி இருக்கிறது. மழவராயர் தம் ரகசியத்தை நம்பி ஒப்படைத்த ஒரே ஒருவர் இங்கே இருக்கிறார். அவர் எதையும் சொல்ல வேண்டாம். இந்தத் தாம்பூலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்" என்று பொன் தட்டை நீட்டினார்.

மழவராயன் தடுக்க வாயெடுத்தான். அதற்குள் சபையே எழுந்துவிட்டது!

"ஏனய்யா இடிக்கிறீர்?"

"அந்த ஒருவர் நான்தான். நீர் எங்கே வருகிறீர்?"

"நீரா? நல்ல கதை!"

தலைப்பாகைகள் உருண்டன. சேந்தனார் அவர்களைப் பார்க்கவில்லை. தட்டை நோக்கிப் பாதி நீண்டிருந்த இன்னொரு கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ராஜாவின் கை.

சபை அடங்கியது. "என்னிடமும்... என்னிடம் மட்டும் என்றுதான் சொன்னான்" என்றான் ராஜா மெல்ல. "எதிரிக்கு இருளப்பர் குதிரை அனுப்பினாராம்."

"குதிரையா? என்னிடம் உப்பு என்றாரே!"

"எனக்குப் படகு என்றார்!"

"அரசே, அவரவர் நம்புகிற மாதிரி சொல்ல வேண்டியிருந்தது" என்று குழறினான் மழவராயன்.

"நான் எதை நம்புவேன் என்றும் அளந்து வைத்திருந்தாயா?" ராஜாவின் குரலில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. ஆராயாமல் ஒரு மனிதனை ஊரைவிட்டு விரட்டப் பார்த்தோமே என்று அவன் மனம் சுட்டது.

"சேந்தனாரே, ஒற்றர் இல்லாமல் நாடு ஆள முடியாதே. என்ன செய்ய?"

"ரகசியம் ஊருக்குத் தெரிய வேண்டாம் அரசே. ஆனால் கைதூக்குகிறவர்களுக்குத் தெரியாமல் கைதூக்கச் சொல்லலாமா? கதவைச் சாத்துங்கள். உள்ளே எல்லோருக்கும் ஒரே சொல்லாகச் சொல்லட்டும்."

"அப்படியே ஆகட்டும். மழவராயா, இனி தினமும் சபை நடுவில் நின்று பதில் சொல். முதல் கேள்வி இருளப்பருடையது!"

ராஜா இறங்கிவந்து அந்தத் தாம்பூலத்தை இருளப்பரிடம் நீட்டினான். அவர் கும்பிட்டார். ஆனால் எடுக்கவில்லை.

"எல்லோருக்கும் உண்டா அரசே?" என்று கேட்டார்.

ராஜா வாய்விட்டுச் சிரித்து, கூடை கூடையாக வெற்றிலை வரவழைத்தான். மழவராயனுக்கும் ஒன்று கிடைத்தது. அதை மென்று விழுங்கத்தான் அவனுக்கு வெகுநேரம் ஆனது.