கீறல் மணிக்கு முதல் அடி

மணிகள் வாய் திறந்து பேசிய காலம் அது. கடற்காகத்துக்குக் குயிலைவிட நல்ல குரல் இருந்த காலமும் அதுதான். அந்தக் காலத்தில் வெள்ளிக்குடா என்றொரு மீன்பிடி ஊர் இருந்தது. ஊரில் மாதா கோயில் இருந்தது, கோயிலுக்குக் கோபுரமும் இருந்தது. கோபுரத்தில் மணிதான் இல்லை. பூசைக்கு நேரமாகிவிட்டதென்று கோயில்பிள்ளை மரியானுஸ் தெருத்தெருவாகப் போய்க் கத்த வேண்டியிருந்தது. கோயிலைக் கூட்டிப் பெருக்கி மெழுகுவத்தி ஏற்றுவதோடு இதுவும் அவர் தலையில் விழுந்தது. ஞாயிறு மதியத்துக்குள் மனுஷனுக்குத் தொண்டை கட்டிப்போகும்.

அவர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் ஊர்ப் பெண்கள் ஒரு முடிவெடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு வெண்கலப் பாத்திரம். கும்பா, செம்பு, மாமியார் கண்ணில் படாமல் எடுத்து வந்த போணி என்று கோயில் வாசலில் குவிந்தது. மேற்கே இருந்து வந்த கன்னான் அத்தனையையும் உருக்கி, குழிக்குள் இருந்த மண் அச்சில் ஊற்றினான். போகும்போது படித்துப் படித்துச் சொன்னான்: "மூணு நாளைக்கு யாரும் குழிப்பக்கம் வரப்படாது. தானா ஆறணும்."

வேறு ஊராக இருந்தால் காத்திருப்பார்கள். வெள்ளிக்குடாவிலோ எது புதிதாக வந்தாலும் அதன் மேல் முதலில் கடல் தண்ணீர் பட வேண்டும். புது வலைக்கும் புது வள்ளத்துக்கும் அப்படித்தான், பிறந்த பிள்ளையின் உள்ளங்காலுக்கும் அப்படித்தான். சந்தியாகுவின் மனைவி கித்தேரி இரண்டாம் நாளே பொறுமை இழந்தாள். அச்சை உடைத்து, ஒரு குடம் கடல் தண்ணீரை மணியின் தலையில் ஊற்றினாள். உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருந்த மணி 'டிக்' என்றது. அதன் இடுப்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது.

தூக்கிக் கட்டி அடித்துப் பார்த்தார்கள். 'கர்ர்ர்' என்று இருமியது. கோயில்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏட்டி, எங்க பாத்திரமெல்லாம் போச்சே! மணியையே உடைச்சுட்டியே!" என்று தெருவே கித்தேரியைப் பிடித்துக்கொண்டது. மணி மட்டும் அவளைத் திட்டவில்லை. "தண்ணி சொகமாத்தான் இருந்துச்சு, அக்கா. தொண்டைதான் போயிட்டு" என்றது. அதைக் கேட்டுத்தான் அவள் அதிகம் அழுதாள்.

இரண்டு வருஷம் அந்தக் கீறல் மணிதான் கோபுரத்தில் தொங்கியது. பக்கத்து ஊரான கள்ளித்துறைக்காரர்கள் கடலில் வைத்துக் கேலி செய்வார்கள். "உங்க மணிக்கு இருமல் நிக்கலையால? கசாயம் வச்சுக் குடுங்கலே!" வெள்ளிக்குடா ஆண்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் துடுப்புப் போடுவார்கள்.

பிறகு ஒரு கப்பலில் நான்கு பெரிய மணிகள் வந்து இறங்கின. நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை. கரையோரமாக இருந்த நான்கு ஊர்க் கோயில்களுக்கும் ஊருக்கொன்று. வெள்ளிக்குடாவுக்கு வந்த பெரிய மணி கோபுரத்தில் ஏறியதும் ஊரைச் சுற்றிப் பார்த்தது.

"இதுக்கு முன்னாடி இங்கே யார் இருந்தது?" என்று கேட்டது.

"நான்தான்" என்றது கீறல் மணி, கீழே உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவில் இருந்து.

"ஐயோ பாவம்" என்றது பெரிய மணி. கீறல் மணியைக் கன்னானிடமே கொடுத்து உருக்கிவிடுவதென்று ஊர் கூடிப் பேசி முடித்தது. கெடுத்தவளே தான்தானே என்று கித்தேரி கூட்டத்தின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

மார்கழி மாதம். கன்னான் வருவதாகச் சொன்ன நாளின் காலை. இருட்டோடு பதினேழு வள்ளங்கள் கடலுக்குப் போயிருந்தன. விடிந்த கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கியது. அப்படியொரு பனியை யாரும் பார்த்ததில்லை. கரையில் நின்றவர்களுக்குத் தங்கள் கால்விரல் தெரியவில்லை. கோயில்பிள்ளை ஓடிப்போய்ப் பெரிய மணியின் கயிற்றை இழுத்தார். 'டாங்... டாங்...' என்று அது பிரமாதமாக முழங்கியது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வள்ளங்கள் வந்துவிடும் என்று பெண்கள் நம்பி நின்றார்கள்.

வந்தது வள்ளம் இல்லை, கடற்காகம். இறக்கை நனைந்து, கித்தேரியின் காலடியில் பொத்தென்று விழுந்தது.

"மணியை நிப்பாட்டச் சொல்லு! நாலு ஊரிலயும் இதே மணி, இதே சத்தம். எது நம்ம கரைன்னு அங்கே ஒருத்தருக்கும் தெரியலை. உன் வீட்டுக்காரர் கள்ளித்துறை மணியை நம்ம மணின்னு நெனச்சுத் துடுப்புப் போடுதாரு. அவர் பின்னாடியே எல்லாரும் போறாங்க. நேரா பல்லுப்பாறைக்கு!"

பல்லுப்பாறை இரண்டு ஊருக்கும் நடுவே தண்ணீருக்கடியில் கிடக்கும் பாறை வரிசை. அதில் மோதிய வள்ளம் திரும்பி வந்ததில்லை. கித்தேரி அடுத்த நொடியே கோயிலை நோக்கி ஓடினாள்.

"மாமா, கயித்தை விடுங்க! நாலு ஊர் மணியும் ஒண்ணுபோலக் கேக்குதாம்!"

"பைத்தியமாட்டி உனக்கு? இருக்கிற ஒரு சத்தத்தையும் நிறுத்தச் சொல்லுதியே!"

பதில் சொன்னது பெரிய மணிதான். "அவ சொல்லுறது சரி. என் குரலுக்கு இன்னும் மூணு ஊரில் ஆள் இருக்கு." நாவை இறுக்கிக்கொண்டு அது அடங்கியது.

கித்தேரி பெஞ்சுகளைத் தள்ளிவிட்டுக் கீறல் மணியைக் கட்டிப்பிடித்தாள். ஆறு பெண்கள் துடுப்பை அதன் தலையில் இருந்த காதுவளையத்தில் நுழைத்துத் தோளில் ஏற்றினார்கள். கோபுரத்தில் ஏற்ற நேரமில்லை. கடற்கரைக்கு ஓடினார்கள். அலையில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். நாவைத்தான் முன்பே கழற்றி வைத்துவிட்டார்களே, எதைக் கொண்டு அடிப்பது? யாரோ ஒருத்தி வீட்டுக்கு ஓடி அம்மிக்குழவியை எடுத்து வந்து கித்தேரியின் கையில் திணித்தாள்.

கித்தேரி ஓங்கினாள். அப்போது மணி மெல்லச் சொன்னது:

"அக்கா, ஓங்கி அடிச்சா நான் ரெண்டாப் பிளந்தாலும் பிளந்துருவேன்."

அவள் கை நின்றுவிட்டது. ஒருமுறை அவசரப்பட்டு அதன் குரலைக் கெடுத்தவள். இன்னொரு முறை எப்படி? கண்ணீர் வழிந்தது.

"பயமாத்தான் இருக்கு. ஆனா அவுங்களுக்கு என்னை மட்டுந்தான் அடையாளம் தெரியும்" என்றது மணி. "அடி, அக்கா."

கித்தேரி அடித்தாள். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அடித்தாள். 'கர்ர்ர்! கர்ர்ர்!' கீறல் ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் நீண்டது. சத்தமோ பாதிக் கடல்கூடப் போகவில்லை. அதைப் பார்த்த கடற்காகம் மணி தொங்கிய துடுப்பில் வந்து உட்கார்ந்து, அந்தச் சத்தத்தைத் தன் தொண்டைக்குள் ஏற்றிக்கொண்டது. குயிலை மிஞ்சிய தன் குரலை அங்கேயே விட்டுவிட்டு, 'கர்ர், கர்ர்' என்று கத்தியபடி பனிக்குள் பறந்தது. அதன் கூட்டமும் கத்திக்கொண்டே பின்னால் போனது.

அந்தக் குழவி எத்தனை முறை எழுந்து விழுந்ததோ தெரியாது. கித்தேரியின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது:

"ஏட்டி! அடிக்கிறதை நிறுத்திராத! வந்துட்டோம்!"

சந்தியாகுதான். பாறைக்கு நாலு துடுப்புத் தூரத்தில் வள்ளத்தைத் திருப்பியிருந்தார். அவருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, ஐந்து என்று பதினேழு வள்ளங்களும் கரையேறின. அதோடு முடியவில்லை. கள்ளித்துறை வள்ளங்கள் வந்தன, மற்ற இரண்டு ஊர் வள்ளங்களும் வந்தன. 'டாங்' எங்கிருந்து வருகிறதென்று புரியாமல் திண்டாடிய அத்தனை பேரும், உலகத்தில் ஒரே ஓர் ஊருக்கு மட்டும் இருந்த அந்த இருமலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வெள்ளிக்குடாக் கரையில் அன்று கால் வைக்க இடமில்லை.

கசாயம் வைக்கச் சொன்ன கள்ளித்துறைக்காரர் நேரே தண்ணீருக்குள் இறங்கி மணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தாயே, நீ நல்லா இருமு" என்றார். கரையே சிரித்தது, அழுதது. நான்கு ஊர் ஆண்கள் சேர்ந்து மணியைத் தோளில் தூக்கினார்கள். கொட்டு முழங்க, வெடி போட, தேர்த்திருவிழாவில் மாதா வருவதைப் போல அது தெரு முழுக்க வலம் வந்தது. அதற்கு முன்னால் கித்தேரி தலை நிமிர்ந்து நடந்தாள், கையில் குழவியோடு. கன்னான் வந்தான், பார்த்தான், அவனும் கூட நடந்தான். கோபுரத்தில் பெரிய மணி தானே நகர்ந்து மேல் இடத்தைக் காலி செய்து கொடுத்தது.

விட்டுவிட்டுப் போன அந்த நல்ல குரலைக் கடற்காகம் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. இன்றும் கரகரத்த குரலில் கத்திக்கொண்டுதான் வள்ளங்களுக்கு முன்னால் கரைக்கு வருகிறது.

வெள்ளிக்குடாக் கோபுரத்தில் இரண்டு மணிகளும் இன்னும் தொங்குகின்றன. ஆனால் பூசையானாலும் கல்யாணமானாலும் கிறிஸ்து பிறந்த ராத்திரியே ஆனாலும், ஊர்ப் பெண்களில் ஒருத்தி கோபுரம் ஏறி அம்மிக்குழவியால் கீறல் மணிக்கு முதல் அடி கொடுக்கிறவரை பெரிய மணி நாவை அசைப்பதில்லை; அந்தப் பனிக்காலையிலிருந்துதான் இப்படி.