வட்டத் தடுக்கு

"உங்கள் பெயரைச் சொன்னேன் அம்மா. சிரித்துவிட்டார்கள்" என்றார் நம்பிமாறன்.

ஐம்பது வயதில் கணக்குப் படிக்க வந்த மனிதர். ஆசிரியை உமையாளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஊரே கேலி பேசியும் அவர் அசைந்து கொடுக்கவில்லை. வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

கோயிலின் வட்ட மேடைக்குக் கல் பாவ வேண்டியிருந்தது. அந்த வேலையைக் கேட்டுப் போன நம்பிமாறன் விட்டத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, இவ்வளவு கல் வேண்டும் என்று ஊர்ச்சபையில் சட்டென்று சொல்லிவிட்டார். விட்டத்திலிருந்து சுற்றளவு. பிறகு பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கு. அவ்வளவுதானே!

அது ஏன் அப்படி என்று சபைத் தலைவர் கேட்டார். எங்கள் உமையாள் அம்மா சொன்னார்கள் என்றார் இவர். சபை குலுங்கிச் சிரித்தது. நாளைக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

வேலை கிடக்கட்டும். அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்களே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

உமையாள் எழுந்தாள். அதுவரை உட்கார்ந்திருந்த தடுக்கைக் கையில் எடுத்தாள். கயிற்றை வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்று வைத்துத் தைத்த வட்டத் தடுக்கு. அவளே ஆசையாகச் செய்தது.

அரிவாளால் விளிம்பிலிருந்து நடுவரை ஒரே கோடாக அறுத்தாள்.

நம்பிமாறன் பதறிப்போனார்.

தையலைப் பிரித்து, வளையங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தித் தரையில் போட்டாள். வெளி வளையம் எல்லாவற்றிலும் நீளம். அதையொட்டி அடுத்தது, கொஞ்சம் குட்டை. அதையொட்டி இன்னொன்று, இன்னும் குட்டை. கடைசியில் நடு வளையம், விரல் நுனி அளவு.

தரையில் ஒரு முக்கோணம் கிடந்தது.

அடி, முழுச் சுற்றளவு. உயரம், பாதி விட்டம். முக்கோணத்தை அளக்க அவருக்கு எப்போதோ தெரியும். அடியில் பாதியை உயரத்தால் பெருக்க வேண்டும்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனி என்ன சொல்வீர்?" என்று கேட்டாள் உமையாள்.

"ஒன்றும் சொல்ல மாட்டேன் அம்மா."

மறுநாள் சபையில் நம்பிமாறன், தலைவர் உட்கார்ந்திருந்த வட்டக் கயிற்றுத் தடுக்கையே கேட்டு வாங்கினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர் அறுத்தார், பிரித்தார், நிமிர்த்திப் போட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

தலைவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். உம் ஆசிரியையின் பெயர் என்னவென்று சொன்னீர் என்று மெல்லக் கேட்டார்.

நம்பிமாறன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பெயர் எதற்கு ஐயா? கயிற்றைப் பாருங்கள்."