மிளகியின் கன்னப்பை

ஒரு காட்டில், மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. அந்த வளைவில் எவ்வளவு பெரிய பேருந்தும் நத்தை மாதிரி ஊர்ந்துதான் திரும்ப வேண்டும். அப்போது ஒரு சன்னல் திறக்கும். ஒரு கை நீளும். ரொட்டித் துண்டு பறந்து வரும். என்ன குழந்தைகளே, முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்? நீங்களும் வீசியிருப்பீர்கள், எனக்குத் தெரியாதா!

அந்தக் கூட்டத்தில் மிளகி என்றொரு தாய்க்குரங்கு இருந்தாள். அவளுடைய தங்கை பெயர் கிராம்பு. மிளகியின் வயிற்றைக் கட்டிக்கொண்டு எந்நேரமும் தொங்கும் குட்டியின் பெயர் சீரகம்.

மிளகி ஒரு காலத்தில் கிளைக்குக் கிளை பறந்தவள்தான். ரொட்டி ருசி கண்ட பிறகு மரம் ஏறுவதையே விட்டுவிட்டாள். வளைவுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் சாப்பாடு மடியில் விழுகிறது, பிறகு எதற்கு ஏற வேண்டும்? வெள்ளை ரொட்டி, இனிப்பு ரொட்டி, காய்ந்த ரொட்டி, எதுவானாலும் உள்ளே போனது. உடம்பு பலாப்பழமாக உருண்டது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலம் தொடங்கியதும் ஆற்றின் எதிர்க்கரைக்குப் போய்விடும். மழையில் மண் சரிந்து மலைப்பாதை மூடிவிடும், பேருந்து வராது. இந்தக் கரையில் நாவல் மரத்திலும் பழம் தீர்ந்திருக்கும். எதிர்க்கரையிலோ அத்திமரங்கள் குலைகுலையாகப் பழுத்திருக்கும். ஆனால் போவதற்குப் பாலம் எதுவும் கிடையாது. இந்தக் கரை நீர்மருத மரத்திலிருந்து அந்தக் கரை மரத்துக்கு ஒரே தாவு. கீழே பாறையும் சுழலும்.

அதனால் மழைக்கு முன்பே எல்லாரும் ஒரு பள்ளத்தின் மேல் தாவி ஒத்திகை பார்ப்பார்கள். அந்த வருடம் மிளகியின் முறை வந்தது. சீரகத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, வாலைச் சுழற்றித் தாவினாள். பாதி தூரம்கூடப் போகவில்லை. தொப்பென்று முள்புதரில் விழுந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மிளகிக்கு அதிகமாக வலித்தது.

கிராம்பு மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். "அக்கா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதே. ஆத்தைத் தாண்டும்போது சீரகத்தை நான் தூக்கிட்டுப் போயிடறேன்."

"அப்போ நான்?"

கிராம்பு அக்காவின் உடம்பில் தைத்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

மிளகி சட்டென்று சீரகத்தைத் தங்கையிடமிருந்து வாங்கினாள். குட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "முடியாது! என் பிள்ளையை நான்தான் தூக்கிட்டுத் தாண்டுவேன். இனிமே ரொட்டி இருக்கிற பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். இது சத்தியம்!"

மறுநாள் காலை முதல் பேருந்து வந்தது. சுடச்சுட ரொட்டி வாசனை மேலே ஏறி வந்தது. மிளகியின் வாயில் எச்சில் ஊறியது. 'சும்மா பார்த்துவிட்டு வருவோம்' என்று கால்கள் தாமாகவே இறங்கின. ஒரு துண்டு வந்து விழுந்தது. அதை எடுத்தாள். ஆனால் விழுங்கவில்லை.

குரங்குகளுக்குக் கன்னத்துக்குள்ளே ஒரு பை உண்டு, தெரியுமா? கிடைத்ததை அதில் அடக்கி வைத்துக்கொள்ளும். மிளகி ரொட்டியைக் கன்னப்பையில் தள்ளினாள். அடுத்த துண்டையும் தள்ளினாள். அதற்கடுத்ததையும்தான்.

மரத்தின் மேலிருந்து மலையணில் செம்பி எட்டிப் பார்த்தாள். குறும்புக்காரி. "அடியே மிளகி! சத்தியம் என்னடி ஆச்சு?"

"நான் எங்கே தின்னேன்? வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

"ஓகோ! வச்சிருக்கியா? சாயங்காலம் காட்டு, பார்ப்போம்."

சாயங்காலம் கன்னப்பையில் ஒரு துளி மாவுகூட இல்லை. "அது தானாக் கரைஞ்சு போச்சு, செம்பி. என் மேல என்ன தப்பு?" என்று மிளகி கையை விரித்தாள். செம்பி கிளையிலிருந்து விழுந்துவிடும் அளவுக்குச் சிரித்தாள்.

மிளகிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் எதையுமே தின்பதில்லை என்று முடிவு செய்தாள். ரொட்டி இல்லை, பழம் இல்லை, இலைகூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள். உச்சிவேளைக்குள் தலை கிறுகிறுத்தது. பார்த்த கல்லெல்லாம் ரொட்டியாகத் தெரிந்தது. ஒரு சுற்றுலா வண்டி வந்து நின்றதுதான் தாமதம், ஓடிப்போய் முழுப் பொட்டலத்தையும் பிடுங்கி, காகிதத்தோடு சேர்த்துத் தின்றுவிட்டாள்.

தின்று முடித்ததும் அழுகை வந்தது. "நான் உருப்பட மாட்டேன், செம்பி. என் பிள்ளை என்னை விட்டுட்டுத்தான் போகப்போகுது."

இந்தத் தடவை செம்பி சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து வாலால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அடுத்த நாள் விடியற்காலையில் சீரகம் பசியில் சிணுங்கியது. அப்போதுதான் பால் போதாமல் பழம் கடிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. மிளகி மூச்சு வாங்க வாங்க நாவல் மரத்தின் தாழ்ந்த கிளைக்கு ஏறினாள். குட்டிக்கென்று பறித்துப் பறித்து இரண்டு கன்னப்பையும் பிதுங்கும்படி நிரப்பிக்கொண்டு இறங்கினாள்.

இறங்கிய இடம் வளைவுச் சுவர். சரியாக அந்த நேரம் பேருந்து வந்தது. காலடியில் தொப்பென்று ஓர் இனிப்பு ரொட்டி விழுந்தது!

மிளகி எடுத்தாள். வாயில் வைத்தாள். உள்ளே போகவில்லை. இந்தக் கன்னத்தில் தள்ளினாள், இடமில்லை. அந்தக் கன்னத்தில் தள்ளினாள், அங்கேயும் இல்லை. நாவற்பழத்தைத் துப்பினால்தான் ரொட்டி போகும். துப்பலாமா? கீழே பார்த்தாள். சீரகம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

மிளகி ரொட்டியைக் கீழே வைத்தாள். அதுவரை புதரில் ஒளிந்திருந்த காட்டுப்பன்றி தடியன் பாய்ந்து வந்து அதை விழுங்கினான். "பைத்தியக்காரி! கையில வந்ததை விடறியே!" என்று உறுமிவிட்டுப் போனான்.

சீரகத்துக்கு ஊட்டியதுபோக மீதியை மிளகி தின்றாள். பேருந்து போய்விட்டது, வாசனையும் போய்விட்டது. ரொட்டி ஞாபகம் அவ்வளவாக வரவில்லை. திடீரென்று தொடையைத் தட்டி, மேலே கிளையில் இருந்த செம்பியைக் கூப்பிட்டாள்.

"அடடா, செம்பி! இவ்வளவுதானா சமாசாரம்! தினமும் வெறும் வாயோட இல்ல அங்கே போய் உட்கார்ந்தேன்! ரொட்டி பாட்டுக்கு உள்ளே வந்துது. இனிமே பேருந்து வர்றதுக்கு முன்னாடியே பையை நிரப்பிடணும்."

"நாக்கு ஊதாவாயிடுமேடி!"

"ஆகட்டுமே! யார் பார்க்கப்போறா?"

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் மரமேறினாள். தாழ்ந்த கிளையில் பழம் தீர்ந்தபோது அடுத்த கிளைக்கு ஏற வேண்டியிருந்தது. அதுவும் தீர்ந்தபோது அதற்கும் மேலே. ஏற ஏற மூச்சு வாங்குவது குறைந்தது. இடையில் ஒருநாள் வழுக்கிவிட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னப் பெண் வெண்ணெய் தடவிய ரொட்டியை நீட்டினாள், மிளகி வாங்கித் தின்றுவிட்டாள். இரவெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் விடிந்ததும் மறுபடி மரமேறினாள்.

மழை வந்தது. மேலே எங்கோ மண் சரிந்து பாதை மூடியது. ஆறு செம்மண் நிறத்தில் இரைந்தது. கூட்டம் நீர்மருதில் கூடி, ஒவ்வொன்றாகத் தாவிப் போயிற்று. கடைசியில் அக்காவும் தங்கையும் மட்டும் நின்றார்கள்.

கிராம்பு கையை நீட்டினாள். "கொடு அக்கா. குட்டி பத்திரமா இருக்கட்டும்."

மிளகி ஆற்றைப் பார்த்தாள். பயமில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். "நீ முன்னாடி போ. நான் பின்னாலேயே வர்றேன்" என்றாள்.

கிராம்பு தாவி எதிர்க்கிளையில் நின்று, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இறுக்கிப் பிடிச்சுக்கடா, என் கண்ணு" என்றாள் மிளகி. பின்னால் போனாள். கிளை நுனி வரை ஓடினாள். தாவினாள்!

காற்று காதில் விசிறியது. கீழே சுழல் தெரிந்தது. எதிர்க்கிளை நெருங்கி வந்தது. ஒரு கை பிடித்தது, மறு கை வழுக்கியது. கிளை படாரென்று தாழ்ந்தது. "அக்கா!" என்று கிராம்பு அலறினாள். மிளகி வயிற்றை எக்கி, காலை வீசிக் கிளையைச் சுற்றிக்கொண்டு, ஒரே மூச்சில் மேலே ஏறிவிட்டாள். நாவல் மரத்தில் ஏறி ஏறி உரமேறிய கைகள் அவை.

கிராம்பு ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மிளகியும் அழுதாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கிய சீரகம் மெல்லத் தலையை வெளியே நீட்டியது. கண் இரண்டும் பளபளவென்று மின்னின.

"அம்மா, இன்னொரு தரம் தாவு!" என்றது.

நீதி: விட வேண்டியதோடு வெறும் வயிற்றில் மல்லுக்கு நிற்காதே. நல்லதை முதலில் நிரப்பிக்கொள், மற்றதற்கு இடம் இருக்காது.